ஒரே தாயின் முட்டைகளில் இரண்டு நிறம்

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் பழையபடி நடக்க ஆரம்பித்திருந்த வருடம். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். பெயரில்தான் கௌரவம். ஜூன் வந்தால் வேலை நீடிக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

எங்கள் துறைத் தலைவர், அடையாறில் உள்ள தன் வீட்டு மொட்டைமாடித் தோட்டத்திலிருந்து ஒரு பூச்சியைப் பிடித்து வந்தார். தொட்டால் மூக்கைப் பொத்த வைக்கும் நாவாய்ப்பூச்சி வகை. ஆனால் இது செடியை ஒன்றும் செய்யாது. செடியைத் தின்னும் புழுக்களைக் குத்தி உறிஞ்சிவிடும். இதே ஜாடையில் பழுப்பு நிறப் பூச்சி ஒன்று நம் ஊரில் சாதாரணம். அதற்கு எப்போதோ அறிவியல் பெயர் வைத்தாயிற்று. சார் பிடித்ததோ கறுப்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள். "இது புது இனம்" என்று முடிவே செய்துவிட்டார். கல்லூரித் தாளாளரின் மறைந்த தந்தை பெயரை அதற்கு வைத்து, ஆண்டு விழாவில் அறிவிப்பதாகவும் ஏற்பாடு ஆகிவிட்டது.

படம் எடுத்து அளவு பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு உறுத்தியது. நிறத்தைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதனால் பழுப்புத் தாய்ப்பூச்சி ஒன்றை டப்பாவில் தனியாக அடைத்து ஆதம்பாக்கத்திலுள்ள என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது முட்டையிட்டது. குஞ்சுகளுக்குத் தீனியாக எலுமிச்சைச் செடியில் புழு பொறுக்கித் தந்தவர் என் கணவர். "ஊரே பால் வாங்கினு வருது, நான் புழு பொறுக்கினு கீறேன்" என்று சிரித்துக்கொண்டே செய்தார்.

குஞ்சுகள் தோலுரித்து வளர்ந்தன. சில பழுப்பு. சில கறுப்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு! ஒரே தாயின் பிள்ளைகள். புது இனமெல்லாம் இல்லை. பழைய பெயர்தான் இதற்கும் பெயர்.

வளர்த்தபோது எடுத்த படங்களை அனுப்பிவிட்டுச் சாரிடம் ஓடினேன். "வேற முட்டை ஏதாவது கலந்திருக்கும்மா" என்றார். சரி என்று வேறொரு தாய்ப்பூச்சியை வைத்து மறுபடி வளர்த்தேன். அதே முடிவு. இந்த முறை அவர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"விழா முடியட்டும், பாத்துக்கலாம். ஆமா, உங்களுக்கு ஜூன்ல கான்ட்ராக்ட் முடியுதில்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் நேராகத் தி.நகரில் தாளாளரின் ஜவுளிக்கடைக்குப் போனேன். தென்மாவட்டத்திலிருந்து வந்து தொழிலை வளர்த்த குடும்பம். கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்து விஷயத்தைச் சொன்னேன். துண்டால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ரெண்டு நிறமும் ஒரு தாய்க்குப் பொறந்ததுதானா?"

"ஆமாங்கய்யா. ஏற்கெனவே பேர் வச்ச பூச்சி."

"பொறவு எங்க அப்பா பேர எதுக்கு இதுல கொண்டு ஒட்டுதாங்க? வேண்டாம்மா. நான் சொல்லிக்கிடுதேன்."

நிம்மதியாக வீடு திரும்பினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தது என் அப்பாவித்தனம்.

ஆண்டு விழாவில் துறைத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "புது இனம் என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கு மட்டும் சந்தேகம். நானே வளர்த்துப் பார்த்து, இது பழைய இனம்தான் என்று நிரூபித்தேன். அறிவியலுக்கு நேர்மைதான் முக்கியம்" என்றார். ஒரே கைதட்டல். பொன்னாடை வேறு. திரையில் ஓடியவை நான் எடுத்த படங்கள். ஒரு படத்தின் ஓரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் மேடை தெரிந்தது.

எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. பக்கத்திலிருந்த தோழி புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"சார், யார் வீட்டுல வளர்த்தீங்க?"

"இது டீம் ஒர்க்மா, உக்காருங்க" என்றார்.

"டீம்ல இருந்தவங்க பேரைச் சொல்லுங்க சார்."

தொகுத்து வழங்கியவர் அவசரமாக அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். முன்வரிசையில் இருந்த தாளாளர் திரும்பி என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு குனிந்து செல்போனை எடுத்துக்கொண்டார். தன் தந்தையின் பெயர் தப்பிவிட்டது, அது போதும் அவருக்கு. எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஜூனில் என்னைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு அந்த ஆய்வை என் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. கூட வளர்த்தவர் என்று என் கணவர் பெயரையும் அதில் போட்டேன். இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன்.

"அவ்வளவு பேர் நடுவுல கேட்டிருக்கணுமா?" என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்டதால்தான் என் கோபம் இன்றுவரை சார்மேலும் தாளாளர்மேலும் இருக்கிறது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நானும் கைதட்டியிருந்தால், அந்தக் கோபம் முழுக்க என்மேலேயே திரும்பியிருக்கும்.