ரேடியம் கடைக்காரன் பெண்டாட்டி

எனக்கு இருமல் வந்தபோது யாரும் பயப்படவில்லை. கும்மிடிப்பூண்டியில் இருமாதவர் யார்? தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருந்தால் காயப்போட்ட துணியில் கரி படியும். நானும் இருமல் மருந்தைக் குடித்துவிட்டுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனேன். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் சென்னைக்குப் போனோம்.

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை). நுரையீரல் புற்றுநோய். முதுகெலும்பு வரை பரவிவிட்டது, அறுவை சிகிச்சை முடியாது, தினமும் மாத்திரை என்றார் டாக்டர். நான் பீடி சிகரெட்டைத் தொட்டவள் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை.

"அப்புறம் எப்டி டாக்டர் வந்துச்சி?"

"தெரியலம்மா. சில பேருக்குக் காரணம் சொல்ல முடியாது."

அந்தத் 'தெரியல'வை எங்கள் வீட்டில் யாராலும் விழுங்க முடியவில்லை. என் கொழுந்தன் மோகன் செல்போனில் ஒரு வீடியோவோடு வந்தான்.

"அண்ணி, ரேடான்னு ஒரு வாயு கீதாம். கண்ணுக்குத் தெரியாதாம், வாசனையும் இல்லியாம். நுரையீரல்ல கேன்சர் வருதாம். எதுலேர்ந்து வருது தெரியுமா? ரேடியத்துலேர்ந்து."

சொல்லிவிட்டு அவன் அண்ணனைப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர் பெயர் தணிகாசலம். 'ரேடியம் தணிகா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பைபாஸ் ஓரம் ரேடியம் ஸ்டிக்கர் கடை. லாரிக்குப் பின்னால் மின்னும் பட்டை, பைக் நம்பர், ஆட்டோவில் பிள்ளைகள் பெயர் எல்லாம் வெட்டி ஒட்டுவார். லீவு நாளில் நானும் உட்கார்ந்து தாள் உரித்துக் கொடுப்பேன். வீட்டில் ஒரு அறை முழுக்க ஸ்டிக்கர் ரோல்கள்தான்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை.

நான்தான் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "நீங்க ஒட்டுறதுல ரேடியமே கிடையாது. அது சும்மா பேரு. வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பிளாஸ்டிக், அவ்ளோதான். ரேடான் மண்ணுலேர்ந்தும் பாறையிலேர்ந்தும் வர்ற வாயு. அடைச்சுவச்ச வீட்டுல சேரும். ஜன்னலைத் திறந்தா குறையும்."

"அந்த வாயுவால கேன்சர் வருதுன்றது நெசமா, பொய்யா சார்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வரலாம், அது நிஜந்தான். ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னது எதுவும் என் வீட்டுக்காரர் காதில் ஏறவில்லை. முழுப் பொய்யாக இருந்தால் எட்டி உதைத்துவிடலாம். இதில் பாதி உண்மை. டாக்டர் அந்தப் பாதியை மறைக்கவில்லை, அதனால் தோற்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ரோல்களையெல்லாம் பின்பக்கம் போட்டுக் கொளுத்தினார். கரும்புகை நேராக உள்ளே வந்தது. எனக்கு மூச்சு அடைத்து, ஆம்புலன்சில் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"எரியச்சொல்லோ உள்ள இருந்த ரேடான் மொத்தமும் வெளிய வந்துட்ச்சி, பாத்தியா?" என்றான் மோகன். விளக்குமாற்றால் அடித்திருப்பேன். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள்.

மாத்திரையால் முகமெல்லாம் கொப்புளம் கிளம்பியது. நகத்தோரம் வெடித்துச் சீழ் வைத்தது. பக்கவிளைவு (மருந்து நோயைத் தாக்கும்போது கூடவே செய்யும் கெடுதல்) என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கண்ணுக்கு அது ரேடியம் ஒட்டிய தன் கை பட்ட இடமாகத் தெரிந்தது. என்னைத் தொடுவதை விட்டுவிட்டார். இப்போது ஒரு குடோனில் மூட்டை தூக்குகிறார். வந்ததும் குளித்துவிட்டு வெளியிலேயே படுக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் வந்தால், காரணம் கண்டுபிடித்துத் தர வருகிறவனை வாசலிலேயே நிறுத்துங்கள். அவன் கெட்டவனாக இருக்க மாட்டான். மோகனும் என் மேல் பாசத்தில்தான் சொன்னான். அதுதான் ஆபத்து.

கட்டி சுருங்கியிருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று தெரியாது. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் கிடைப்பதுதான் இப்போது எனக்குக் காலம். பொங்கலும் தீபாவளியும் அதற்குள் எங்கோ வந்துபோகின்றன. மூச்சு தானாக நடக்கும் காரியம் என்று நினைத்திருந்தேன். இப்போது கிணற்றில் தண்ணீர் இழுப்பதுபோல ஒவ்வொன்றையும் நானே இழுக்கிறேன்.

நேற்று சாயங்காலம் வெளியில் உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நகர்ந்தார். நானும் நகர்ந்தேன். மறுபடியும் நகர்ந்தார்.

"யோவ், இன்னும் நவுந்தின்னா சாக்கடையிலதான் உழுவ."

அவர் சிரிக்கவில்லை. "வாணாம்மே. உனுக்கோசரம்தான் சொல்றேன்" என்று எழுந்து போனார்.

பின்னால் போக எனக்கு மூச்சு இல்லை.