காற்று இல்லாத குரல்

ஷீபா தினமும் கேட்டு அழுகிற குரல் அவளுடைய அம்மாவின் குரல் அல்ல. அதை நான் செய்தேன். ஒரு மத்தியானம், ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் கணினியில் செய்து முடித்தேன்!

அவளிடம் சொல்லத் தைரியமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவளுக்கும் யாரோ, எனக்கும் யாரோ... அது வசதியாக இருக்கிறது.

சுசீந்திரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கணினி அறிவியல் படிக்கும் பெண்களுக்காக ஆய்வுப் பயிலரங்கு நடத்தினார்கள். நானும் ஷீபாவும் ஒரே குழு. எங்கள் மாவட்டத்துக்காரர் பேசினால் கைப்பேசி எதை எதையோ எழுதுகிறதே, அதைத் திருத்த ஒரு நிரலைப் பழக்குவது எங்கள் ஆய்வு. அதற்குப் பலருடைய குரல்கள் வேண்டும். எனக்கு அது வேலையாகவே தோன்றவில்லை! பஸ்ஸில் யாராவது ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் இறங்கும் இடத்தைத் தவறவிடுகிறவள் நான். கணினியில் குரலைக் கையாள்வதும் யாரிடமும் போய்ப் படித்ததல்ல. பார்த்துப் பார்த்து நானாகக் கற்றதுதான்.

ஷீபாவின் அம்மா வட்டக்கோட்டை வாசலில் சுக்குக் காப்பி விற்றார். கடற்காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருக்கும். நான் கைப்பேசியை நீட்டினேன்.

"பேசுங்கம்மா."

"என்னத்தப் பேச மக்கா? காப்பி குடிச்சியா, வெயில்ல நிக்காதே... இதத்தானே நான் பேசுவேன். ஏ காத்தே, ஒனக்கு இப்ப என்ன வேணும்? ரெண்டு பிள்ளைய வந்திருக்கு, இத்திரி நேரம் சும்மா கெடயேன்!"

"காத்த ஏசாதம்மா. மெஷின் அதயும் எழுதும்" என்று ஷீபா சிரித்தாள்.

"எழுதட்டு. அதுக்குங் கொஞ்சம் மானம் வரட்டு."

நிரலால் எழுத முடியவில்லை. காற்றும் பேச்சும் கலந்து திரையில் கந்தலாக வந்தது. மற்ற குரல்களெல்லாம் தேறின. இவர் ஒருவரால் எங்கள் மதிப்பெண் இறங்கியது. "கஷ்டமான குரலைத் தள்ளிவிடாதீங்க, உங்க ஆய்வே அதுதான்" என்று பயிலரங்கின் ஆசிரியை சொல்லியிருந்தார். கேட்டேனா? மறுநாள் மேடையேற வேண்டும்... அந்தப் பதிவை அழித்தேன். கணினியிலிருந்து அழித்தேன். இடம் போதவில்லை என்று கைப்பேசியிலிருந்தும் அழித்தேன்.

ஷீபாவிடம், "அம்மையும் உள்ள இருக்காவ, கேட்டியா" என்றேன்.

எங்களுக்குப் பரிசு கிடைத்தது. தன் குரலுக்குக் கிடைத்த பரிசு என்று அவள் அம்மா அன்று வந்தவர்க்கெல்லாம் சும்மாவே காப்பி ஊற்றினாராம்!

அந்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஷீபா என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, எங்கிட்ட அம்மைக்க குரலே இல்ல. போட்டோதான் கெடக்கு. ஒங்கிட்ட அந்த ரெக்கார்டு இருக்குல்லா?"

"இருக்கு மக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் கையின் குளிரா? என் பயமா? இன்றும் எனக்கு விளங்கவில்லை...

பயிலரங்குக்காக ஷீபாவும் சில வாக்கியங்கள் வாசித்துத் தந்திருந்தாள். அது பத்திரமாக இருந்தது. எடுத்தேன். அவள் குரலைக் கனப்படுத்தினேன், மெதுவாக்கினேன், கொஞ்சம் கரகரப்பு ஏற்றினேன். பிறகு நினைவில் நின்றதைத் தட்டச்சு செய்தேன்: காப்பி குடிச்சியா மக்கா, வெயில்ல நிக்காதே.

கணினி பேசியது. அப்படியே அவள் அம்மா! ஷீபாவுக்கு அனுப்பினேன்.

விளங்குகிறதா உங்களுக்கு? அவள் கேட்டு அழுவது தன் குரலை. வயதேறிய தன்னையே...

சில நாள் கழித்து அவள் கேட்டாள்: "எல்லாஞ் சரி மக்கா, ஆனா காத்துச் சத்தமே இல்லியே. அம்மை எங்க நின்னு பேசுதா?"

"காத்த நாந்தான் எடுத்துட்டேன்" என்றேன்.

"அதான பாத்தேன். கதவடச்ச ரூமுக்குள்ள நின்னு பேசுத மாதிரி இருக்கு. பாவம், அம்மைக்கு மூச்சு முட்டாதா?"

போன ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து அவள் வட்டக்கோட்டைக்குப் போயிருக்கிறாள். அம்மா அடுப்பு வைத்த இடத்தில் கைப்பேசியை வைத்து அந்தக் குரலைக் காற்றில் ஒலிக்கவிட்டு, இன்னொரு கைப்பேசியில் பதிந்து எனக்கு அனுப்பினாள். கூடவே எழுதியிருந்தாள்: "இப்ப கொள்ளாம், நல்லாருக்கு கேட்டியா. அம்மைக்குக் காத்து கெடச்சாச்சு."

கேட்டேன். காற்று. காப்பி குடிச்சியா மக்கா. வெயில்ல நிக்காதே. நான் செய்தது அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் பதிவு நிற்கவில்லை. காற்று இரைந்து எழுந்தது. அதற்குள்ளிருந்து அதே குரல், அதே கரகரப்பு...

"ஏ காத்தே, ஒனக்கு இப்ப என்ன வேணும்?"

ஷீபா பேசியிருப்பாள். அம்மாவைப் போல ஏசிப் பார்த்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். நீயா பேசினாய் என்று கேட்டால் தெரிந்துவிடும். 'நாந்தான்' என்றால், இரண்டும் ஒரே குரல் என்று அவளே ஒருநாள் கண்டுகொள்வாள். 'நான் பேசல்லியே' என்றால்... ஐயோ, அப்போது நான் எங்கே போவேன்!

கேட்கவில்லை. 'கொள்ளாம் மக்கா' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

அந்தப் பதிவு என் கைப்பேசியில் இருக்கிறது. முதல் குரலை அத்தனை எளிதாக அழித்த விரல், இதன்மேல் போகவே மாட்டேன் என்கிறது...