உப்புவெளிப் புத்தகம்

முப்பத்தொரு வருடம் ரத்தம் பார்த்தே பிழைத்தவள் அவள். பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில், மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் குனிந்து குனிந்து கழுத்து லேசாக முன்னுக்கு வளைந்திருந்தது. கண்ணுக்கு மட்டும் பழுதில்லை. மற்றவர்கள் இரண்டு தடவை பார்த்தும் கோட்டைவிட்ட கிருமியை ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். கூட வேலை பார்த்தவர்கள் அவளைப் 'பருந்து' என்றே கூப்பிட்டார்கள். பெயர் பிடித்திருந்தது என்று அவள் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அந்தக் கண் அவள் கணவருக்கும் உதவியது. அவர் நிலக்காட்சிப் புகைப்படக்காரர். மலை, மணல், தண்ணீர், வானம், இவைதான் அவருக்கு. மனிதர்களை எடுக்க மாட்டார். சொந்தத் தம்பியின் கல்யாணத்தில் கேமராவைக் கையில் திணித்தபோது, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றவர் என்று உறவுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வருடத்தில் ஐந்து மாதம் வெளியே சுற்றுவார். திரும்பியதும் சமையலறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் கயிறு கட்டிப் படங்களைக் கிளிப்பில் மாட்டுவார். வேலை முடிந்து வந்தவள் கைகழுவிவிட்டு, கயிற்றோரமாக நடந்துகொண்டே சொல்லுவாள். இது இருக்கட்டும், இது வேண்டாம், இதில் வானம் பொய் சொல்லுகிறது. அவள் வேண்டாம் என்று சொன்ன படத்தை அவர் மறுபடி எடுத்துக் காட்டியதே கிடையாது.

இப்படி ஐந்து புத்தகங்கள் வந்தன. முதலில் மலைகள், அடுத்து ஆறு, மூன்றாவது உப்புவெளி, பிறகு காடு, கடைசியாக மணல்மேடுகள். நான்குக்குப் படம் பொறுக்கியவள் அவள். உப்புவெளி மட்டும் அவள் கைபடாமல் வந்தது.

அறுபத்தெட்டு வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் 'சரி'யும் 'தண்ணி'யும்தான் மிஞ்சின. அவருடைய புத்தகங்கள் எதுவுமே கடைகளில் கிடைக்காமல் போய் வெகுநாளாகிவிட்டது. அப்போதுதான் கலைநூல்கள் மட்டும் போடும் சின்னப் பதிப்பகத்தை நடத்தும் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். ஐந்தையும் மறுபடி கொண்டுவரத் தங்களால் முடியாது, ஒன்றே ஒன்றைப் பெரிய அளவில், நல்ல தாளில் கொண்டுவரலாம், இருப்பதிலேயே சிறந்தது எது என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்றார். படம் பொறுக்குவது இவள்தான் என்று கணவரே பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறாராம்.

முதலில் கணவரிடம் கேட்பதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது. ஐந்து புத்தகங்களையும் கட்டிலில் பரப்பி, "இதுல ஒண்ணுதான் போடுவாங்களாம். எதுன்னு காட்டுங்க," என்றாள். அவர் இடது கையை மூன்றாவது புத்தகத்தின் மேல் வைத்தார். கை தவறி விழுந்திருக்கும் என்று நினைத்து வரிசையை மாற்றி வைத்தாள். அவர் கை தேடிப்போய் அதே புத்தகத்தில் நின்றது. மூன்றாவது தடவை அவளையே பார்த்துக்கொண்டு அதன்மேல் கையை வைத்தவர், எடுக்கவேயில்லை. அவள்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புத்தகத்தை வாங்க வேண்டியிருந்தது.

இருபத்தேழு வருடத்துக்கு முந்தைய கதை அது. அவர்களுக்கு அப்போது ஒரே பிள்ளை, நாலு வயசுப் பையன். மாதத்தின் முதல் தேதி அவர் உப்புவெளிக்குக் கிளம்பிப் போனார். பக்கத்துத் தொலைபேசியே ஒன்றரை நாள் பயணத்தில் இருந்த இடம். ஐந்தாம் தேதி பையனுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழாம் தேதி கழுத்து விறைத்தது. அவன் முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரின் ஸ்லைடு அவள் மேஜைக்குத்தான் வந்தது. உன் பிள்ளையுடையதை நீ பார்க்காதே, நான் பார்க்கிறேன் என்று பக்கத்து மேஜைக்காரி கையை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்று மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முடிவைத் தன் கையெழுத்தில் படிவத்தில் எழுதி, வேறு யாரையும் அனுப்பாமல் அவளே வார்டுக்குக் கொண்டுபோனாள்.

கணவருக்குச் சொல்ல என்னென்னவோ செய்தார்கள். கடைசி ஊரின் விடுதியில் சொல்லிவைத்தார்கள். அந்தப் பக்கம் போன லாரிக்காரரிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினார்கள். எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. பன்னிரண்டாம் தேதி மத்தியானம் பையன் இறந்தான். மறுநாள் அடக்கம் முடிந்தது. இருபதாம் தேதி, முகத்தோல் உரிந்து, உதடு வெடித்து, தோளில் ஃபிலிம் பையோடு அவர் வாசலில் வந்து நின்றார்.

"புள்ள போயிட்டான். எட்டு நாளாச்சு," என்றாள் அவள். அவர் பையை இறக்கி வாசற்படியில் வைத்தார்.

ஒன்றரை வருடம் அவர் கேமராவைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த முறை சமையலறையில் கயிறு ஏறவில்லை. சில மாதம் கழித்துச் சாப்பாட்டு மேஜையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. அவள் அதைத் திறக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் வாய்திறக்கவில்லை.

இப்போது, உடற்பயிற்சி கொடுப்பவர் கணவரின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில், சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதை முதன்முறையாகத் திறந்தாள். நாற்பத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றின் கீழும் தேதி மட்டும் இருந்தது. ஐந்தாம் தேதி, உப்பின்மேல் விழுந்த ஒரு மேகத்தின் நிழல். ஏழாம் தேதி, பாளம் பாளமாக வெடித்த தரை, தொடுவானமே இல்லை. பன்னிரண்டாம் தேதிக்கு இரண்டு படங்கள். ஒன்றில் வெள்ளை வெளியும் வெள்ளை வானமும் சேரும் இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். இன்னொன்றில் கால்தடங்கள் கொஞ்சதூரம் போய் நின்றிருந்தன.

தள்ளிவிட ஏதாவது ஒரு படம் கிடைக்காதா என்று கடைசிப் பக்கம்வரை தேடினாள். கிடைக்கவில்லை. மற்ற நான்கு புத்தகங்களிலும் அரைமனதாக விட்டுவைத்த படங்கள் எத்தனை என்று அவளுக்கு மனப்பாடம். இதில் அப்படி ஒன்றுகூட இல்லை. அவள் உதவி இல்லாமல், அவள் பிள்ளை செத்துக்கொண்டிருந்த நாட்களில் எடுத்த படங்கள்தான் அவர் எடுத்ததிலேயே சிறந்தவை.

அன்று மத்தியானமே பதிப்பக அம்மாவைக் கூப்பிட்டு, ஆறு என்றாள். அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"நான் உப்புவெளின்னு நெனச்சேன்."

"அவரே ஆறுன்னுதான் காட்டினார்," என்றாள்.

வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு படிவத்தில்கூட முடிவை மாற்றி எழுதாதவள் அவள். தொலைபேசியை வைத்தபிறகு கைகழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டாமல் நின்றாள்.

ஐந்து மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. அருமையான அச்சு. அவர் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒன்றைக்கூடத் தாண்டிப் போகவில்லை. முடித்ததும் மூடிவைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவர் முறைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சரி," என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது மகள் உப்புவெளியை எடுத்துப் புரட்டினாள். அப்பா இதைவிட்டுவிட்டு ஏன் ஆற்றைக் காட்டினார் என்று கேட்டாள். தாய் மறைக்கவில்லை. அவர் காட்டியது இதைத்தான், ஆறு என்று மாற்றிச் சொன்னது நான்தான் என்றாள்.

"ஏம்மா அப்படிப் பண்ணின?"

"அந்த நாளையெல்லாம் நாலு பேர் கையில வெச்சு ஆஹா ஓஹோங்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"அப்பாவுக்கு அப்போ தெரியாதேம்மா."

"எடுத்தப்போ தெரியாது. தெரிஞ்ச பிறகுதானே புத்தகமாப் போட்டார்?"

மகள் அந்தத் தேதிகளைத் திரும்ப ஒருதடவை பார்த்தாள். அழத் தெரியாதவர் வேறு என்ன செய்திருப்பார் என்று முணுமுணுத்தாள். தாய் அதைக் காதில் வாங்கினாள். மறுநாள் பதிப்பக அம்மாவைக் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லை. இனி இன்னொன்று போடும் நிலையில் தாங்கள் இல்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் பதிப்பகத்தையே மூடிவிட்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அவள் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்குக் காலையில் மட்டும் போய்வருகிறாள். போன மாதம் கணவரைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை வந்திருந்தது. ஆறுதான் அவருடைய உச்சம் என்றும், இறப்பதற்கு முன் அவரே தன் கையால் தேர்ந்தெடுத்துக் கொடுத்த புத்தகம் அது என்றும் எழுதியிருந்தார்கள். அவள் படித்துவிட்டு மகளிடம் நீட்டினாள்.

"தப்புன்னு எழுதிப் போடலாமேம்மா," என்றாள் மகள்.

"என்னன்னு எழுதுறது?" என்று கேட்டாள் அவள்.