ஒரு தடவைதான் கேட்பார்

காரைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்ததும் உண்டு. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவள் என்பதால், எழுத்தில் இருக்கிற எந்த விதியையும் மீற எனக்குத் தைரியம் கிடையாது. எழுதியவர்கள் நம்மைவிடப் படித்தவர்கள் என்கிற பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஹூஸ்டனுக்கு வடகிழக்கே, பைன் காட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். கணவருக்கு ஒரு பிளைவுட் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை. சில வாரப் பயிற்சி முடித்து, வீட்டுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் வேலை எனக்குக் கிடைத்தது. ஏஜென்சி தந்த தாளில் முதல் விதியே இதுதான்: நோயாளி வீட்டில் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. யாரோ ஒரு பெண் ஒரு துண்டு கேக் வாங்கித் தின்றதற்கு வேலையை இழந்தாள் என்று பயிற்சியில் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, எனக்கு அது போதும்.

செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணி முதல் இரண்டு மணி வரை, அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு வீடு. ஃப்ரீவேயில் போகப் பயந்து நான் பழைய சாலையில்தான் போவேன். மரம் ஏற்றிய லாரிகள் எதிரே வந்தால் ஓரமாக நிறுத்திவிடுவேன். காட்டுக்குள் ஒரே ஒரு தார்ச்சாலை, ஒரு சர்ச், ஒரு கிளினிக், மரங்களுக்கு இடையே தள்ளித் தள்ளி வீடுகள். ஐந்தாவது வீடு என் நோயாளியுடையது. வயது அறுபத்தைந்து இருக்கும். முப்பது வருஷம் மரம் வெட்டியவர். சர்க்கரை நோயில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மனைவி இறந்து போயிருந்தார். மகளுக்கு டவுனில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சனி ஞாயிறு வருவார். இன்சுலின் ஊசியைப் பெரியவர் தானே போட்டுக்கொள்வார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி சமையலும் அவரேதான். குளிக்க உதவுவது, படுக்கை மாற்றுவது, மிச்சமிருந்த காலின் விரலிடுக்குகளைப் பார்த்துப் புண் இல்லை என்று எழுதுவது, இவை என் வேலை.

முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அடுப்பிலிருந்த பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். மக்காச்சோளமும் பன்றிக்கறியும் சேர்ந்து கொதித்த மணம்.

"சாப்பாடு இருக்கு, மேம்."

"இல்ல சார், இப்பத்தான் சாப்பிட்டேன்."

காலையில் ஒரு காபி குடித்திருந்தேன், அவ்வளவுதான். விதி இருக்கிறது, சாப்பிட மாட்டேன் என்பது உறுதி. ஆனாலும் இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். நம் பக்கம் அப்படித்தானே? முதல் 'வேண்டாம்' ஒரு மரியாதை. இரண்டாவதற்குக் கொஞ்சம் இறங்குவோம். மூன்றாவதற்கு இலை போட்டிருப்பார்கள். அவர் மூடியை வைத்து மூடினார். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி ஆனால் நான் ஆரம்பிப்பேன். "சாப்பிடுறீங்களா சார்?"

"அப்புறம்."

பத்து நிமிஷம் கழித்து, "சார், சாப்பாடு?" என்பேன். ரேடியோவைச் சத்தமாக வைப்பார். "சார், ஊசி போட்டிருக்கீங்க, சாப்பிடணும்." நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் விடமாட்டேன். குளியலறையைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

மூன்றாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டரைக்கு அவர் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. கூப்பிட்டால் கண் திறந்து வேறெங்கோ பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பார்த்தேன்: நாற்பத்தாறு, ரொம்பக் குறைவு. ஆரஞ்சு ஜூஸை மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். நினைவு திரும்பியதும் ஏஜென்சி நர்ஸுக்குப் போன் செய்தேன். அடுத்த மாதமே ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் அதேபோல. அன்று நர்ஸ் நேரில் வந்துவிட்டார். நல்ல மனுஷி, ஆனால் கறார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களைத் தனியா வீட்ல விட முடியாது சார். டவுன்ல வயசானவங்களை வெச்சுப் பார்த்துக்கிற நர்சிங் ஹோமுக்கு எழுதிடுவேன்," என்றார் அவரிடம். பிறகு என்னிடம்: "அவர் சாப்பிடுறாரான்னு நீதான் பார்க்கணும்."

அந்த வீட்டின் பலகைகளை இழைத்து ஆணியடித்தது அவர். வாசலில் நாற்காலிக்கான சரிவுப் பாதையும், கால் போன பிறகு, உட்கார்ந்தபடியே அவர் போட்டது. நர்ஸின் கார் போகும் வரை அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் வந்து கணவரிடம் புலம்பினேன். "எத்தனை தடவை கேட்டாலும் சாப்பிட மாட்டேங்கிறாருங்க. மூணாவது தடவை விழுந்தா என்னாலதான் வீடு போச்சுன்னு ஆயிடும்."

"எத்தனை தடவை கேட்ட?"

"ஒரு பத்து..."

"நீ பத்து தடவை கேட்டா எனக்கே பசி அடங்கிடும்," என்றார். அவருக்கு எல்லாம் தமாஷ்.

அடுத்த செவ்வாய் மகள் லீவு போட்டு வந்திருந்தார். நர்ஸ் அவரிடமும் பேசியிருக்கிறார். நான் கொல்லைப்புறத்தில் போர்வை காயப்போட்டுக் கொண்டிருந்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"எங்க அப்பா சமையல்ல என்ன குறை கண்டீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குறையா? ஐயோ, இல்லைங்க. நான் சாப்பிட்டதே இல்லையே."

"அதைத்தான் கேக்கிறேன். வீட்டுக்கு வந்தவங்க கூட உக்காந்து சாப்பிடாதப்ப அவர் வாயில வைக்க மாட்டார். நீங்க கிளம்பின பிறகுதான் சாப்பிடுறார்."

"அவர் மறுபடி கேக்கவே இல்லையே!"

"ஒரு தடவைதான் கேட்பார். நீங்க வேணாம்னீங்க. மறுபடி கேட்டா, நீங்க சொன்னது பொய்னு சொல்ற மாதிரி ஆயிடும்ல?"

"அது பொய்தாங்க!"

அவர் கையிலிருந்த போர்வை நழுவிப் புல்லில் விழுந்தது. அப்படிச் சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க மட்டும் அவரைப் பத்து தடவை கேக்கிறீங்களாமே. என்னைப் பொய்யன்னு நினைக்கிறாங்கன்னு சொல்றார்," என்றார்.

போர்வையை மறுபடி அலசப் போட்டேன். தண்ணீர் நிரம்புகிற வரைக்கும்தான் யோசித்தேன், அதற்குள் விளங்கிவிட்டது. ஒரு தடவை செவ்வாய். இன்னொரு தடவை வெள்ளி. அவர் மயங்கிய இரண்டு நாளும் என் நாள். நான் பசியோடு நின்றதால் அவரும் பசியோடு இருந்திருக்கிறார். நர்சிங் ஹோமுக்கு அவரை அனுப்பப் போவது சர்க்கரை இல்லை, நான்.

இனி என்ன செய்வது? சாப்பிட்டால் வேலை போகும். சாப்பிடவில்லை என்றால் அவர் வீடு போகும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. அவர் இனி கேட்க மாட்டார். அப்படியென்றால் நான்தான் கேட்க வேண்டும். அடுத்தவர் வீட்டில் வாய்விட்டுச் சோறு கேட்பது! சின்ன வயதில், பக்கத்து வீட்டில் முறுக்கு கேட்டுவிட்டேன் என்று அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று நான் கறி தொடமாட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மனுக்கு அப்படி ஒரு வேண்டுதல். காரில் போகும்போதே அம்மனிடம் பேசிக்கொண்டு போனேன். பதில் வரவில்லை, மரலாரிகள்தான் வந்தன. பன்னிரண்டு மணிக்கு, ஈரக் கையைப் புடவையில் துடைப்பது போல் யூனிஃபார்மில் துடைத்துக்கொண்டு, அவர் எதிரே போய் நின்றேன்.

"சார், எனக்குப் பசிக்குது."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நாற்காலியை அடுப்புப் பக்கம் உருட்டினார். இரண்டு கிண்ணங்களை எடுத்தார். எனக்கு முதலில் ஊற்றினார். நான் ஒரு கரண்டி வாயில் வைக்கும் வரை காத்திருந்து, பிறகு தன் கரண்டியை எடுத்தார். உப்பு குறைவு. ஆனால் சோளம் நன்றாக வெந்து குழைந்திருந்தது. கறித்துண்டை நாக்கில் வைத்தபடி அம்மனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு விழுங்கினேன். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். ஒரு மணிக்குச் சர்க்கரை நூற்றிருபது.

அன்றைய தாளில் என்ன எழுதுவது என்று இருபது நிமிஷம் பேனாவைக் கடித்தேன். மறைக்கிற தைரியமும் எனக்குக் கிடையாது. 'மதிய உணவு: இரண்டு கிண்ணம். உதவியாளரும் உடன் சாப்பிட்டாள், ஒரு கிண்ணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை நர்ஸின் போன். "நீயும் சாப்பிட்டியா?"

"ஆமாங்க."

"அதை எதுக்கு எழுதின?"

"சாப்பிட்டேனே."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. எதிர்முனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு நர்ஸ் சொன்னார்: "அவர் கேர் பிளான்ல ஒரு வரி சேர்க்கிறேன். 'உணவின்போது உதவியாளர் உடன் அமர்ந்து உண்ண வேண்டும்.' இப்ப அது உன் வேலை. வேலையைச் செஞ்சா யாரும் உன்னை அனுப்ப முடியாது."

விதி என்று எழுத்தில் வந்தபிறகு எனக்கு நிம்மதி. மறுநாள் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டேன். அவர் பாத்திரத்தின் மூடியைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம், மேம்?"

"போதும் சார், வயிறு நிறைஞ்சிடுச்சு."

வாய் முந்திக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம். அவர் உடனே மூடியை வைத்தார். மூடி பொருந்தும் சத்தம் கேட்டதும் எனக்குப் பதறியது.

"சார், அது பொய்."

மூடிமேல் இருந்த கை அப்படியே நின்றது. "முதல் நாள் சொன்னதும்?"

"அதுவும்தான் சார்."

நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அப்ப நாலு மாசமா பசியோடவா வீட்டுக்குப் போனீங்க?"

"ஆமா சார். நீங்களும் என்னால பட்டினிதானே."

அவர் சிரிக்கவில்லை. மூடியைத் திறந்து, இந்தத் தடவை என்னைக் கேட்காமலே, கிண்ணம் விளிம்பு வரை ஊற்றினார்.