கரண்ட் இருக்கிறது என்று வந்த புகார்

நான் கரண்ட் ஆபீஸில் பெருக்கித் துடைக்கப் போனவள். ஐந்தாம் வகுப்புவரை படித்திருக்கிறேன். போன் எடுப்பது என் வேலையே இல்லை. ஆனால் மதியத்துக்குப் பக்கம் எல்லோரும் லைனுக்கோ சாப்பாட்டுக்கோ போய்விட்டால் அது அடித்துக்கொண்டே கிடக்கும். அதனால் எடுக்கப் பழகினேன். முகம் தெரியாதவரோடு பேச எனக்கு வியர்க்கும். ஆகவே ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "ஆள் போயிருக்கு, இப்ப வந்துரும்." சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவேன். பல வருஷம் அது போதுமானதாக இருந்தது.

புதிதாக போன் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் எழுதித் தரச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

1. ஃபியூஸ் பையில் இருந்தது

அன்று காலையில் நல்ல காற்று. தக்கலைக்குத் தெற்கே ஒரு முடுக்குச் சந்தில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்துவிட்டது. லைன்மேன் தாசையன் போனார். அவருக்கு ஒரு முறை உண்டு. டிரான்ஸ்பார்மரில் மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கித் தன் தோள்பையில் போட்டுக்கொள்வார். அவர் திரும்பி வந்து மாட்டாமல் வேறு யாரும் லைனுக்கு கரண்ட் கொடுக்க முடியாது. "ஃபியூஸ் என் பையில கெடக்கு. பின்ன கரண்டு எங்கேருந்து வரும்?" என்பார். கரண்ட் டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து மட்டும் வந்த நாளில் அந்தப் பேச்சில் ஒரு பிழையும் இல்லை.

கம்பி அறுந்த இடத்துக்கு அப்பால் நாலு வீடு இருந்தது. அதில் ஒரு மாடியில் சோலார் பலகை இருந்தது.

2. இரண்டு தடவை அடித்த போன்

தாசையன் போய் அரைமணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. போன் அடித்தது. ஒரு பெண், மெதுவான குரல்.

"கரண்ட் ஆபீஸா? இங்க முடுக்குல கரண்டு..."

"ஆள் போயிருக்கு, இப்ப வந்துரும்." வைத்துவிட்டேன். பெருக்க வாரியலைக் கையில் எடுக்கவும் மறுபடி அடித்தது. அதே குரல்.

"நான் சொல்லதுக்குள்ள வச்சிட்டியளே. கரண்டு இல்லன்னு சொல்ல வரல்ல. இருக்காக்கும். தெருவுல அங்கோட்டு யாருக்கும் இல்ல. எங்க வீட்டுல மட்டும் ஃபேன் மெள்ள சுத்துவு, பல்பு மங்கலா எரியுவு. ஃப்ரிட்ஜ் ஒருமாதிரி முனங்குவு. கெட்டுப் போவுமோன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

"உங்க வீட்டுல இன்வெர்ட்டர் உண்டுமா?"

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வீட்டு சாருக்குத்தான் சோலார் உண்டு."

சோலார் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வாரம் எங்கள் இன்ஜினியர் ஏ.ஈ. மேடம் லைன்மேன்களைக் கூட்டிப் பேசினார். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். சோலாரை முறையாகப் பொருத்தாத வீட்டிலிருந்து, நாம் ஆஃப் செய்த கம்பிக்குக் கரண்ட் திரும்பி வரும், ஆளைக் கொல்லும் என்று சொன்னார்.

என் செல்லில் தாசையனுக்கு அடித்தேன். அடித்தது, எடுக்கவில்லை. கரண்ட் போஸ்டில் ஏறுகிறவர் போனை பைக் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்.

"உங்க வாசல்ல நின்னா போஸ்ட் தெரியுமா?"

"தெரியும். ஆளு மேல ஏறிட்டாரு."

"ஓடிப்போயி கம்பியத் தொடாண்டாம்னு சொல்லுங்கோ."

"நானா? வீட்டுல ஆம்பள யாரும் இல்ல. நான் எப்பிடி ரோட்டுல நின்னு ஒரு அன்னிய ஆள..."

அந்தக் கூச்சம் எனக்குத் தெரியாததா. "மக்கா, எனக்கும் பேச வரல்ல. துணியத் தலையில போட்டுட்டு ஓடு. போனக் கையிலயே வச்சுக்கோ."

செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அவள் கூப்பிடுகிற சத்தம்: "லைன்மேன் அண்ணே, கரண்டு, கரண்டு..."

தூரத்திலிருந்து தாசையன் குரல் வந்தது. "பத்து நிமிஷம் பொறுங்கோ யம்மா. நீங்க கூவுனா கரண்டு வந்துருமா?"

அவர் தினமும் கேட்கிற சத்தம் அது. போஸ்டுக்குக் கீழே நின்று கரண்ட் கேட்காத ஆள் யார்?

நான் போனுக்குள் கத்தினேன். என் பிள்ளைகளிடம்கூட அப்படிக் கத்தியதில்லை. "வேணும்னு கேக்கலன்னு சொல்லு. இருக்குன்னு சொல்லு. அந்தக் கம்பியில இருக்குன்னு சொல்லு."

"அண்ணே, கரண்டு வேண்டாம், இருக்கு. எங்க ஃபேன் ஓடுவு. கம்பியத் தொட்டுராதீங்கோ."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். "என்ன ஆச்சு மக்கா?" என்று கேட்டேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"டெஸ்டர வச்சுப் பாக்காரு." கொஞ்சம் கழித்து, "பாத்துட்டு போஸ்டக் கெட்டிப் பிடிச்சிட்டு நிக்காரு." இன்னும் கொஞ்சம் கழித்து, "எறங்குதாரு."



3. யாருடைய வெயில்

சோலார் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வாத்தியார். கெட்ட மனிதர் இல்லை. கல்ஃபிலிருந்து லீவில் வந்த மைத்துனர் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வைத்து, அதை நேரே மெயின் போர்டில் கோர்த்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டையும் லைனையும் பிரிக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கவில்லை. லைன் கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் ஆபீஸுக்கு வந்தவர் முதலில் கோபமாகத்தான் பேசினார்.

"என் மாடி, என் பலகை, என் வெயிலு. நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன்?"

தாசையன் சத்தம் போடவில்லை. "வெயிலு உங்களுக்குத்தான் சார். கம்பி முடுக்குக்கே பொதுவாக்கும். அதுலதான் நான் கைய வைக்கப் போனேன்."

"கழத்திருங்கோ" என்றார் வாத்தியார். அன்றே ஒயரைக் கழற்றினார்கள். முறையாகப் பொருத்தி, மேடம் வந்து பார்த்த பிறகுதான் திரும்ப இணைத்தார்கள். தாசையன் இப்போது ஃபியூஸ் பையில் இருந்தாலும் டெஸ்டர் வைத்து, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் பண்ணி, அதன்பிறகுதான் கம்பியில் கை வைக்கிறார்.

எல்லோரும் போனபிறகு அவர் எனக்கு ஒரு சாயா வாங்கி வந்தார். "லீலாக்கா, நல்லவேள போன எடுத்தீங்க" என்றார்.

மறைக்க மனசு வரவில்லை. "ரெண்டு தடவ அடிச்சுது தாசையா. முதல்ல அவ சொல்லதுக்குள்ள நான் வச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "அவ திரும்ப அடிக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். கரண்ட் இல்லாதவர்கள் அது வரும்வரை கூப்பிடுவார்கள், சத்தமாகவும் கூப்பிடுவார்கள். இருக்கக் கூடாத கம்பியில் இருக்கிறது என்று சொல்ல வருகிறவருக்கு அது புகார்தானா என்றே சந்தேகமாக இருக்கும். தயங்கித்தான் பேசுவார். அவர் சொல்லி முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள்.