மூணு பழசு, ஒரு புதுசு

பழைய கார் வியாபாரத்தில் முதலில் பழசாவது கார் அல்ல, அதை வாங்கிப் போட்டவரின் வயிறு. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, குளிக்கும்போதும் சாமி கும்பிடும்போதும் அதன் சத்தத்தையே காதுக்குள் ஓட்டிப் பார்க்கிற சகோதர சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

மந்தைவெளியில் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து வண்டி வாங்கி விற்கிறவள் நான். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. பேரம் பேசக் கற்றது ஏமாந்து ஏமாந்துதான். கோபத்தை யாரும் கற்றுத் தரவில்லை, அது கூடவே பிறந்தது. எத்தனையோ வண்டிகளைக் கை மாற்றியிருக்கிறேன். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற அந்த ஸ்டேஷன் வேகன் படுத்திய பாட்டை வேறு எதுவும் படுத்தவில்லை.

அண்ணாச்சியின் ஸ்டெப்னி

தி. நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியின் வண்டி அது. சாம்பல் நிறம், நீளமான முதுகு, உள்ளே இன்னும் புதுத்துணி வாசனை. சாதாரணக் காரில் முன் சக்கரமோ பின் சக்கரமோ ஏதாவது ஒரு ஜோடிதான் இழுக்கும். இதில் நாலும் இழுக்கும். மலைக்கும் சேற்றுக்கும் இதைவிட நல்ல வண்டி கிடையாது. எனக்கு வாய் ஊறியது. முகத்தில் காட்டுவேனா?

சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்க டயர் ஒன்றில் வெட்டு விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். "ஸ்டெப்னிய மாட்டிக்கிடுங்க. அதுவும் மத்த மூணு மாதிரியே தேஞ்சதுதான். எல்லாம் ஒண்ணு போல இருக்கும்லா" என்றார் அண்ணாச்சி. தேய்ந்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா? வந்ததே கோபம். புது டயர் வராமல் சாவியைத் தொட மாட்டேன் என்று, பட்டுப்புடவை எடுக்க வந்த கூட்டமெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கடை வாசலில் நின்று கத்தினேன். மானத்துக்குப் பயந்து ஆளனுப்பி ஒரு புது டயர் வாங்கி மாட்டிக் கொடுத்தார். சாவியை நீட்டும்போது சொன்னார்: "கொண்டு போங்க தங்கச்சி. நாளைக்கு என்னைய வையக் கூடாது, ஆமா!"

கடக்

நேரே போனால் வண்டி பூனை. தெருமுனையில் நெருக்கி வளைத்தால் மட்டும் அடியிலிருந்து யாரோ உதைப்பது போல ஒரு 'கடக்'. கூடவே ஓர் உதறல். முதல் தடவை கேட்டபோது ரோட்டில் கல் என்று நினைத்தேன். நமக்கெல்லாம் முதலில் கல் என்றுதானே தோன்றும்! இரண்டாவது தடவை இறங்கிக் குனிந்து பார்த்தேன், கல் எதுவும் இல்லை.

சைதாப்பேட்டை தாஸைக் கூப்பிட்டேன். என் வண்டிகளுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். ஒரு நாள் பேரிங் என்பான், மறுநாள் ஜாயின்ட் என்பான், எதைச் சொன்னாலும் நூறு பெர்சென்ட் என்பான். அவன் கழற்றிக்கொண்டிருக்கும்போது நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அண்ணாச்சியிடம் புது டயர் கறந்த கதையை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். தாஸ் அந்த டயரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்துகொள்வான். ஒரு நாள் பொறுமை போய், என்னதான்டா இதுக்கு வியாதி என்று கத்தினேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சத்தம் கீதுக்கா. ஆனா நோவு எங்க கீதுன்னு வண்டிக்கே தெர்ல!"

டாக்டரம்மா

அந்த நிலைமையில்தான் மயிலாப்பூரிலிருந்து அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். பெண் டாக்டர். மலையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, மழை வலுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் தனியாக ஏறி இறங்க வேண்டும் என்பதால் இப்படி ஒரு வண்டி தேடியிருக்கிறாள். அப்பா கதவைத் திறந்து மூடினார், சீட்டைத் தட்டினார், கடைசியில், "ஏம்மா, நாலு வீலும் இழுக்கும்ங்கறேளே, பெட்ரோலும் நாலு மடங்கு குடிக்குமோ?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

பெண் நேரே டிரைவர் சீட்டில் ஏறினாள். ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். லஸ் பக்கம் போய்த் திரும்பும்போது 'கடக்'. ஸ்பீக்கர் டப்பா ஆடுகிறது, ரோடு சரியில்லை என்று என் வாய் தானாகப் புளுகியது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வளைவில் மட்டும் வருகிற சத்தம். அவள் போகப்போவதோ வளைவைத் தவிர வேறொன்றும் இல்லாத பாதை. இந்தச் சத்தம் போகாமல் சாவி தர மாட்டேன், போய்விட்டால் வேறு யாருக்கும் தர மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் சொன்னாள்: "இது மனுஷாளா இருந்தா இந்நேரம் அட்மிட் பண்ணியிருப்பேன் அக்கா."

நாலு கால்

ஓர் உதிரிப் பாகம் வாங்க பாண்டி பஜார் பக்கம் போய், பக்கத்துச் சந்தில் வேகனை நிறுத்தினேன். தப்பான இடம்தான், ஒத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தால், இழுத்துப் போகிற போலீஸ் வண்டி வேகனின் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. முன் சக்கரம் ரெண்டும் ஆகாயத்தில், பின் சக்கரம் ரெண்டும் தரையில்.

தாஸ் உருப்படியாகச் சொல்லிவைத்திருந்த ஒரே விஷயம் இதுதான்: இந்த மாதிரி வண்டியை ரெண்டு சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போனால், நாலையும் சேர்க்கிற பெட்டி உள்ளே வெந்துவிடும். ஏற்கெனவே சீக்காளி. இதுவும் நடந்தால் டாக்டரம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்? செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடினேன். அபராதம் எவ்வளவானாலும் கட்டுகிறேன், தூக்கினால் நாலையும் தூக்கு, இல்லையென்றால் நாலையும் இறக்கு என்று குறுக்கே நின்று அலறினேன். கூட்டம் கூடிவிட்டது. கொக்கி போட்ட ஆள் பொறுமையாக இறக்கிவிட்டுக் கேட்டான்: "இன்னாக்கா, காரு இன்னா கொயந்தயா, நாலு காலையும் சேத்துத் தூக்கி இடுப்புல வெச்சுக்க?"

பூரான் தடம்

முதல் மழை பெய்தது. டாக்டரம்மா கிளம்புகிற நாள் நெருங்கிவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மனையில் சேறாகிக் கிடந்த இடத்தில் வேகனை எடுத்து, ஸ்டியரிங்கை முழுசாகத் திருகி ஒரு வட்டம் அடித்தேன். கடக், கடக். இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு சேற்றைப் பார்த்தபடி நின்றேன்.

வட்டத்தில் நாலு தடம் தனித்தனியாக விழுந்திருந்தது. மூன்று தடம் மொழுமொழுவென்று, துணி போட்டுத் துடைத்த மாதிரி. ஒன்று மட்டும் பூரான் ஊர்ந்த மாதிரி வரிவரியாக. என் புது டயர்! தேயாத டயர் ஒரு நூல் அளவு பெரிசு. மூன்று ஒரு கணக்கில் சுற்ற, இது மட்டும் வேறு கணக்கில் சுற்றியிருக்கிறது. நாலும் ஒன்றோடொன்று கட்டுண்ட வண்டி, அதனால் உள்ளேயே மல்லுக்கு நின்று, நெருக்கி வளைத்தால் இழுபறி கூடி 'கடக்' என்று உதைத்திருக்கிறது. அண்ணாச்சி சொன்ன ஸ்டெப்னியை மாட்டியிருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. அதையும் தேய்ந்தது என்று என்றைக்கோ பழைய டயர் கடையில் விற்றுத் தள்ளியிருந்தேன். தாஸைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினேன். அவன் தலையைச் சொறிந்தான். "எனக்கு அப்பவே டவுட்டுதான்க்கா. அந்த டயர வெச்சு நீ அவ்ளோ பெருமை பேசிக்கினு இருந்தே, சொன்னா கத்துவியேன்னு உட்டுட்டேன்!"

பெருந்தன்மை

அதே மாதிரி இன்னும் மூன்று புது டயர் வாங்கி மாட்டினேன். நாலையும் சேர்க்கிற பெட்டியைத் தாஸ் திறந்து பார்த்தான்: ஆயில் கொஞ்சம் கறுத்திருந்தது, இரும்புத் தூள் எதுவும் இல்லை. புது ஆயில் ஊற்றி மூடினான். எனக்குத் தலை சுற்றும்வரை வட்டம் அடித்தேன். சத்தம் இல்லை. இருந்தாலும் அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

சாவி வாங்க வந்த அப்பா டயர்களைத் தடவிப் பார்த்தார். நாலும் புதுசு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பேரத்தில் புலி என்று பேர் எடுத்தவள், ஒரு டயர் பேரத்தில் வண்டியையே கெடுக்கப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? அதற்குள் அவரே மகளிடம் சொல்லிவிட்டார்: "பார்த்தியோ, கேக்காமலே நாலும் மாத்தியிருக்கா. இதான்டி பெருந்தன்மைங்கறது!" அதை நான் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து ஒரு போன்

மலைப் பக்கம் மழை என்று செய்தி வந்தாலே டி.வி.யை அணைத்துவிடுவேன். போன் அடித்தால் அவளாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். அடுத்த மழைக்காலத்தில் அவளே பேசினாள். வண்டி தங்கமாக ஓடுகிறதாம். எந்த வளைவிலும் சத்தமில்லையாம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"ஒரு டயர் மட்டும் கல்லுல கிழிஞ்சுடுத்து அக்கா. இங்க கடைக்காரர் புதுசு ஒண்ணு வெச்சிருக்கார். நீங்க மெக்கானிக்கிட்ட கத்துவேளே, அதை நெனச்சுண்டு ஒரு கத்து கத்தினேன் பாருங்கோ, பாதி விலைக்கு இறங்கிட்டார்! இப்போ மாட்டிண்டிருக்கார்."

நாற்காலி பின்னால் விழ எழுந்தேன். நிறுத்து, மாட்டாதே, கழற்றச் சொல்லு என்று மந்தைவெளியே கேட்கும்படி கத்தினேன். பிறகு குரலை இறக்கி, அண்ணாச்சி, ஸ்டெப்னி, பூரான் தடம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுமுனையில் கடைக்காரரைப் பொறுக்கச் சொல்வது கேட்டது. அப்புறம் நிதானமாகக் கேட்டாள்: "அப்போ அன்னிக்கு நாலும் புதுசா போட்டுக் குடுத்தது பெருந்தன்மை இல்லையா அக்கா?"

ஆகவே, என்னைப் போல் அவதிப்படுகிறவர்களே, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு ஒற்றைப் புது டயரையும், நமக்குச் சேராத பாராட்டையும் ஒருபோதும் வாங்கி மாட்டாதீர்கள், ரெண்டும் வளைவில்தான் சத்தம் போடும்.