கிழக்கு முனைக்குப் போகாத பாதை

அந்த ஜூலை மாதம் ஏவிஸ் டர்ன்ஃபோர்ட் கடைக்குள் வந்தால் போதும், பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பால் பாக்கெட்டில் தேதி பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நேரில் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவள் வெளியே போனதும், "என்னதான் எழுதப் போறாளாம்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

எங்கள் டோரி ஆர்ம், நியூஃபவுண்ட்லாந்தின் தென்கரையை ஒட்டிய சின்னத் தீவு. மீன் ஆலை மூடியதிலிருந்து ஊரில் வேலை கிடையாது. மணல்கரைக்குப் பின்னால் கூடாரம் போட்டுத் தங்க ஒரு முகாம், அங்கிருந்து கிழக்கு முனையின் விளிம்போடு கலங்கரை விளக்கம் வரை ஒரு நடைபாதை என்று ஊர்க் கவுன்சில் திட்டம் போட்டது. அரசு அனுமதி கொடுப்பதற்கு முன்னால், நிலத்துக்கும் நீருக்கும் பறவைக்கும் அதனால் என்ன ஆகும் என்று ஆராய்ந்து சொல்ல வேண்டும். அந்த வேலையை எடுத்த தலைநகரக் கம்பெனி, இங்கேயே குடியிருக்கிற ஏவிஸைப் பிடித்துப் போட்டது. மேயர் நெட்டா கீப்பிங் தன் கையால் சுட்ட ரொட்டியோடு அவள் வீட்டுக்குப் போய், "நம்ம பொண்ணு கையிலதான் இருக்கு, இனி என்ன கவலை!" என்று கட்டிக்கொண்டாள். அன்றைக்கே ஏவிஸ் பொறியில் சிக்கிவிட்டாள்.

ஏவிஸ் வீட்டுக்கு அடுத்த வீடுதான் எனக்கு. படகுத்துறையில் கயிறு பிடிக்கிற வேலை. ஏவிஸுக்கு நாற்பது தாண்டியிருக்கும். பறவைகளைப் பற்றிப் படித்துவிட்டு, பல கடல்களில் கப்பல்களில் இருந்தவள். அப்பா போன பிறகு அந்த வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். அதே வீட்டில்தான் அவள் தம்பி கார்ஃபீல்டும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். அவன் நாட்டின் மறுகோடியில், ஆல்பர்ட்டாவில், மணலிலிருந்து எண்ணெய் எடுக்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவன். முகாமுக்குக் காவலாளும் மேற்பார்வையாளரும் அவன்தான் என்று கவுன்சில் வாக்குக் கொடுத்திருந்தது.

ஏவிஸ் தினமும் கிழக்கு முனையில் வயிறு படியக் குப்புறப் படுத்து, ஈரக் கரிமண்ணில் இருக்கிற பொந்துகளுக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவுவாள். உள்ளே கேரி இருக்கும். கைக்குள் அடங்குகிற கறுத்த கடற்பறவை அது. வருஷத்துக்கு ஒரே முட்டை. ஜோடியில் ஒன்று எங்கோ நடுக்கடலில் இரை தேடும், மற்றது மண்ணுக்கடியில் முட்டையோடு கிடக்கும். பகலில் முனையில் நின்று பார்த்தால் வெறும் புல்தான். காதைத் தரையில் வைத்தால் கீழே பூனை உறுமுவது போல ஒரு முனகல். அங்கே கேரி உண்டு என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் முனை முழுக்கத் தேனடை மாதிரி குடைந்து கிடக்கிறது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பறவை கக்குகிற எண்ணெயின் வாடை அவள் சட்டைக் கையில் ஏறி, எத்தனை துவைத்தும் போகவில்லை. அவள் மேல்கோட்டு வெளியேதான் தொங்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள் தம்பி மனைவி.

ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டில் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கார்ஃபீல்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"சொல்லிடு ஏவிஸ். வருமா வராதா?"

"முகாம் வரட்டும், தப்பில்ல. விளக்கையெல்லாம் மூடி போட்டுக் கீழ பாக்க வெக்கணும், இல்லேன்னா பறவை வந்து மோதும். நாயைக் கட்டிப் போடணும். குப்பை திறந்து கிடந்தா கடற்காகம் கூடி இதுங்களைத் தின்னுடும். அதெல்லாம் சமாளிக்கலாம். முனைப் பாதைதான் முடியாது."

"பாதை இல்லாம எவன் வருவான்? மூடிக் கிடக்கற ஆலையைப் பாக்கவா?"

"பலகை போட்டு உயரமாக் கட்டினா?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"பலகைக்குக் கால் எங்க நடுவீங்க? ஒவ்வொரு காலும் ஒரு பொந்துல போய் இறங்கும்."

"ஆக, குருவிக்கு வீடு வேணும். எம் பொண்ணுங்க அப்பனை போன்ல பாத்துக்கணும். அதானே?" என்றான் கார்ஃபீல்ட்.

அவள் எழுந்து தட்டுகளை எடுத்துப் போனாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கம்பெனியை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். இந்தப் பருவத்துக்கு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மூச்சு முட்டுது" என்று ஒருநாள் துறையில் என்னிடம் சொன்னாள். "எழுதினா இந்த ஊர்ல இருக்க முடியாது. எழுதலேன்னா என் கூடவே என்னால இருக்க முடியாது."

அந்த வாரமே கார்ஃபீல்ட், "காட்டு, என் கண்ணால பாக்கறேன்" என்று அவளோடு கிளம்பினான். பாறை தெரிகிற இடத்தில் மட்டும் கால் வைக்கச் சொல்லி அவள் முன்னால் நடந்தாள். விளிம்புப் பக்கம் புல் செழித்திருந்த இடத்துக்கு அவன் விலகிப் போய், "கல்லு மாதிரி இருக்கு பாரு!" என்று ஒரு குதி குதித்தான். முழங்கால் வரை தரை உள்வாங்கியது. கால் உள்ளே நிற்க, உடம்பு முன்னால் சாய்ந்து, எலும்பு முறிந்தது.

அவள் ரேடியோவில் கூப்பிட்டபோது பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது. ஹெலிகாப்டர் வராது. பழைய கொட்டகைக் கதவு ஒன்றைக் கழற்றித் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒரு டஜன் பேர் ஓடினோம். முனையடிக்கு வந்ததும் வழி இரண்டாகப் பிரிந்தது. கீழே பாறைக்கரையோடு சுற்றிப் போனால் வெகு நேரம் ஆகும், கடலும் ஏறிக்கொண்டிருந்தது. நேரே சரிவில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். அந்தச் சரிவில்தான் பொந்துகள் அதிகம்.

"எப்படி வரட்டும், ஏவிஸ்?" என்று கத்தினேன்.

மேலிருந்து சத்தமே இல்லை. ஆளும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. காலில் ரத்தம் நிற்காமல் கார்ஃபீல்டின் முகம் சாம்பல் நிறமாகிவிட்டதாம், அவள் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தானாம், பின்னால் சொன்னாள்.

"நேரா வாங்க!" என்று கடைசியில் குரல் வந்தது. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

நேராகப் போனோம். ரொட்டியின் மேல்தோல் மாதிரி நிலம் காலடியில் பொரிந்து பொரிந்து இறங்கியது. முனகல் ஒவ்வொரு இடமாக நின்றுகொண்டே வந்தது. கதவில் அவனைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எடை கூடியிருந்ததால் இன்னும் ஆழமாக இறங்கினோம்.

மறுநாள் ஏவிஸ் தனியாகப் போய், நாங்கள் மிதித்த ஒவ்வொரு குழியையும் தோண்டிப் பார்த்தாள். உள்ளே நசுங்கிக் கிடந்த முட்டைகளையும் பறவைகளையும் எண்ணி அறிக்கையில் எழுதினாள். அவளே சொல்லித்தான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நெட்டா மறுபடி ரொட்டியோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

"அதை எழுதச் சொல்லி யாரு கேட்டா, கண்ணு? ஆளைக் காப்பாத்தறது வேற, நடைபாதை வேற."

"ஒரு டஜன் பேர் ஒரே ஒரு தடவை போயிட்டு வந்தது, நெட்டா. கோடை முழுக்க நடந்தா?"

"நேரா வாங்கன்னு கூப்பிட்டது நீதானே?"

"ஆமா. அதையும் எழுதியிருக்கேன்."

நெட்டா எழுந்து போனாள். கோபம் என்று சொல்ல முடியாது. ஊரே காலியாவதைத் தினமும் பார்க்கிறவளின் களைப்பு அது.

சர்ச் கூடத்தில் கூட்டம் நடந்தது. அரசிலிருந்து வந்த அதிகாரி முன்வரிசையில் இருந்தார். பின்னாலிருந்து ஒருவன், "கார்ஃபீல்டுக்குச் சமதரையிலேயே கால் தடுக்கும், அவன் கல்யாணத்துல பாத்தோமே!" என்றான். கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்காமல் கார்ஃபீல்டைப் பார்த்து, "ஈரப் புல்லில் வழுக்கினதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வேலை அவனுக்கு. ஊர் முழுக்க அவன் வாயையே பார்த்தது. ஏவிஸ் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தாள். அவன் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான்.

"வழுக்கல. தரை உள்ள போச்சு. காலை உருவினப்ப கூடவே ஒரு கேரி வந்துச்சு. கொஞ்ச நேரம் உசிர் இருந்துச்சு அதுக்கு." நெட்டாவின் பக்கம் திரும்பினான். "அந்த வேலை எனக்கு வேணும். இப்பவும் வேணும். ஆனா எம் பொண்ணுங்களை அந்த விளிம்புல நடக்க விடமாட்டேன். அப்புறம் வேற எவன் பிள்ளையையும் எப்படி விடுறது?"

பாதை கைவிடப்பட்டது. இப்போது இருப்பது மணல்கரைக்குப் பின்னால் ஒரு சின்ன முகாமும், பழைய வண்டித்தடத்தில் உள்ளே குளத்துக்குப் போகிற ஒரு நடையும்தான். கோடையில் சில குடும்பங்கள் வருகின்றன. அதற்கு முழுநேர ஆள் தேவைப்படவில்லை. அந்த வருஷம் அக்டோபரில், கட்டுப் பிரித்த காலோடு கார்ஃபீல்ட் மறுபடி ஆல்பர்ட்டாவுக்குக் கிளம்பினான். தலைநகரில் ஏவிஸுக்கு நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. ஆனால் தம்பி மனைவி நர்சிங் படிக்க வெளியூர் போக வேண்டியிருந்தது; பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஏவிஸ் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நெட்டா அவள் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவரவில்லை.

அவன் புறப்பட்ட காலை நான்தான் கயிற்றை அவிழ்த்தேன்.

"என் மேல கோபமா?" என்று கேட்டாள் ஏவிஸ்.

"இருக்கு" என்றான். "அது பாட்டுக்கு இருக்கட்டும். நேரா வாங்கன்னு நீ கத்தலேன்னா, இந்தக் கால் இருந்திருக்காது."

அவள் அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். படகின் சாய்தளம் மேலே ஏறி மூடிக்கொண்டது. சின்னவள் பசிக்குது என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஏவிஸ் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வீட்டுக்குப் போனாள்.